வெள்ளைப்படுதலும் அடிவயிற்று வலியும்: முகாமில் வாழும் தாய்மாருக்கு என் அனுபவம்

தமிழ்நாட்டில் இலங்கைத் தமிழர் முகாம்களில் வாழும் பெண்களுக்கு, குறிப்பாகப் பிள்ளை பெற்ற தாய்மாருக்கு, இதை எழுதுகிறேன். நான் அப்படியொரு முகாமில் பிறந்து, அங்கேயே பெரியவளாகி, அங்கேயே திருமணமும் முடித்து, இன்று 12 வயது மகளுக்குத் தாயாக இருப்பவள். வெள்ளைப்படுதல் என்று தொடங்கிய தொந்தரவு கருப்பைக்கும் கருக்குழாய்களுக்கும் பரவிய தொற்றாக முற்றி, அரசு மருத்துவமனைக் கட்டிலில் என்னைக் கிடத்தும் வரை, அது உடலுறவால் தொற்றும் நோயாக இருக்கக்கூடும் என்று ஒருவரும் எனக்குச் சொல்லவில்லை. அதற்கு இலவச மருந்து உண்டு என்பதையும், அதைத் தருவதற்கென்றே மருத்துவமனைக்குள் தனி மையம் உண்டு என்பதையும், அங்கே அகதி என்ற காரணத்தால் யாரையும் திருப்பி அனுப்புவதில்லை என்பதையும் நான் படுத்தபின்தான் அறிந்தேன். இதையெல்லாம் முன்பே சொல்ல ஓர் அக்கா இருந்திருந்தால் எனக்கு எவ்வளவோ மிச்சமாகியிருக்கும். அதனால்தான் கூச்சத்தை ஒதுக்கிவைத்து எழுதுகிறேன்.

என் தாய் 1990 ஆம் ஆண்டு மீண்டும் போர் மூண்டபோது மன்னாரிலிருந்து படகேறி வந்தவர். அப்போது நான் அவர் வயிற்றில் இருந்தேன். மண்டபம் முகாமில் பதிவு முடித்து, அங்கிருந்து மேற்கு மாவட்டமொன்றின் முகாமுக்கு அனுப்பப்பட்டார்கள். அந்தக் காலத்தில் எங்களுக்குக் கிடைத்தது 10க்கு 10 அடி அறை, நடுவே ஒரு சேலைத் தடுப்பு, பொதுக் கழிப்பறை, பொதுக் குழாயடி. ஒரு வீட்டில் இருமினால் நாலாவது வீட்டில் கேட்கும். ஊரில் இருந்திருந்தால் பெரியம்மாவும் மாமியும் அம்மம்மாவும் ஒரு பெண்பிள்ளையைத் தனியே அழைத்துச் சொல்லியிருக்கக்கூடிய செய்திகள் சில உண்டு. அவர்களெல்லாம் கடலுக்கு அப்பால் நின்றுவிட்டார்கள். நான் பெரியவளானபோது பச்சை முட்டையும் நல்லெண்ணெயும் உழுத்தங்களியும் தந்தார்கள், கடன் வாங்கிச் சாமத்தியச் சடங்கும் செய்தார்கள், இனிமேல் ஆண்பிள்ளைகளோடு விளையாடக் கூடாது என்றார்கள். அதற்குமேல் ஒரு சொல்லும் இல்லை. என் தாயைக் குறை சொல்ல எனக்கு மனம் வராது. இடம்பெயர்ந்து ஓடிய காலத்தில் பெண்பிள்ளைகளை மறைத்து வைத்தும், அவசரமாகக் கட்டிக் கொடுத்தும் காப்பாற்றிய தலைமுறை அது. அந்தப் பயம் இங்கே வந்த பிறகும் அவர்களை விட்டுப் போகவில்லை. உடம்பைப் பற்றிப் பேசாமல் இருப்பதே மானத்தைக் காப்பது என்று அவர்கள் நம்பினார்கள், எங்களையும் அப்படியே வளர்த்தார்கள்.

என் கணவர் பெயிண்ட் வேலைக்குப் போகிறவர். முகாம் ஆண்களில் பெரும்பகுதியினருக்கு அதுதான் தொழில். ஒப்பந்தக்காரர் அழைக்கும் ஊருக்குக் கூட்டமாகப் போய், கட்டிக்கொண்டிருக்கும் கட்டடத்திலேயே படுத்து, வேலை முடிந்ததும் திரும்பி வருவார்கள். அப்படி அவர் ஊருக்கு வந்துபோன ஒரு தடவைக்குப் பிறகு எனக்கு நாற்றத்தோடு மஞ்சளாக வெள்ளைபடத் தொடங்கியது. இடுப்பு உளைந்தது. தூரம் வராத நாட்களிலும் சிறிது இரத்தம் பட்டது. பக்கத்து வீட்டு மாமியிடம் சொன்னேன். அது சூடு என்றார். வெந்தயம் ஊறவைத்துக் குடித்தேன், சோற்றுக்கற்றாழை தின்றேன், எண்ணெய் தேய்த்து முழுகினேன். மாமி அன்போடுதான் சொன்னார். அவருக்குத் தெரிந்தது அவ்வளவுதான்.

இந்த இடத்தில் சற்று நின்று, அன்றைக்கு நான் அறிந்திருக்க வேண்டியதைச் சொல்லிவிடுகிறேன். வெள்ளைப்படுதல் எல்லாமே நோய் இல்லை. இரண்டு மாதவிடாய்களுக்கு நடுவே வழவழப்பாக, நாற்றமோ அரிப்போ இல்லாமல் வருவது உடம்பின் இயல்பு. தயிர்த் திரள்போலக் கட்டியாக வந்து கடுமையாக அரித்தால் அது பெரும்பாலும் பூஞ்சைத் தொற்று. சர்க்கரை நோய் இருந்தாலும், கர்ப்பமாக இருந்தாலும், வேறு நோய்க்குக் கிருமிக்கொல்லி மாத்திரை சாப்பிட்டாலும்கூட அது வரும். மீன் கவிச்சை போன்ற நாற்றத்தோடு சாம்பல் நிறத்தில் வருவது வேறொரு தொற்று. இவ்விரண்டுக்கும் கணவர் வேறு பெண்ணிடம் போனார் என்று பொருள் கொள்ளக் கூடாது. வெள்ளைப்படுதலைக் கண்டவுடன் அவரைச் சந்தேகித்து வீட்டைக் கலவரமாக்கிக்கொள்ள வேண்டாம் என்பதற்காகவே இதை அழுத்திச் சொல்கிறேன். ஆனால் மஞ்சள் அல்லது பச்சை நிறம், அடிவயிற்று வலி, உறவின்போது வலி, உறவுக்குப் பின் இரத்தம், மாதவிடாய்க்கு நடுவே இரத்தம், காய்ச்சல் ஆகியவற்றில் ஏதாவது சேர்ந்தால் கைவைத்தியத்தில் நாள் கடத்தாமல் டாக்டரிடம் போக வேண்டும். வெட்டை நோய் என்று நம் பெரியவர்கள் சொல்லும் கொனோரியாவும், கிளமிடியா என்ற தொற்றும் பெண்களிடம் பல நேரம் எந்த அறிகுறியையும் காட்டாமலே உள்ளே இருந்து கருக்குழாய்வரை போகக்கூடியவை. வலி வரும்போது சேதம் ஏற்கெனவே தொடங்கியிருக்கும்.

சூடு தணியவில்லை என்றதும் மெடிக்கலில் போய் நின்றேன். கடையில் ஆண்கள் இருந்ததால் வயிற்று வலி என்று மட்டும் சொன்னேன். ஏதோ மூன்று நாள் மாத்திரை தந்தார்கள். குறைந்தாற்போல இருந்து, மறுபடி வந்தது. திரும்பத் திரும்ப அதையே வாங்கினேன். அரைகுறையாகச் சாப்பிடும் கிருமிக்கொல்லி மாத்திரை நோயை ஆற்றாது, கிருமியை மருந்துக்கு அடங்காததாக ஆக்கிவிடும் என்பது பின்னால்தான் தெரிந்தது. பிறகு முகாமில் இரண்டு மூன்று பேர், பிள்ளைத் தடுப்புக்காகக் கருப்பையில் காப்பர் டி வைத்திருப்பதால்தான் இப்படி என்று உறுதியாகச் சொன்னார்கள். டவுனில் ஒரு தனியார் கிளினிக்கில் போய் அதை எடுத்துவிட்டேன். அங்கே ஸ்கேன், ஊசி, குளுக்கோஸ், மறுபடி ஸ்கேன் என்று பணம் கரைந்தது. உங்கள் கணவருக்கு ஏதாவது தொந்தரவு உண்டா என்ற ஒரு கேள்வியை அங்கே யாரும் கேட்கவில்லை. எல்லாம் சேர்த்து 18,000 ரூபாய்க்கு மேல் செலவானது. முகாமில் குடும்பத் தலைவருக்கு 1,500, மற்றப் பெரியவர்களுக்கு 1,000, பிள்ளைகளுக்கு 500 என்று மாதந்தோறும் அரசு தரும் உதவித்தொகையில், என் பங்குக்கு அது ஒன்றரை ஆண்டுப் பணம். மகளிர் குழுவில் எடுத்த கடனும், வட்டிக்கு வாங்கியதும், மகளின் தோடு அடகும் அதில் அடக்கம்.

ஒரு நாள் குளிர்நடுக்கத்தோடு காய்ச்சல் வந்து, குழாயடியிலிருந்து வீடுவரை நிமிர்ந்து நடக்க முடியாமல் போயிற்று. ஆட்டோவில் அரசு மருத்துவமனைக்குக் கொண்டுபோனார்கள். அங்கே இருந்த பெண் டாக்டர் முதலில் செய்தது, கூட வந்த என் மாமியாரை வெளியே உட்காரச் சொன்னதுதான். அதை நான் என்றைக்கும் மறக்க மாட்டேன். அதன் பிறகு, கடைசி மாதவிடாய் எப்போது, உறவில் வலி உண்டா, கணவர் எங்கே வேலை செய்கிறார், எத்தனை நாளுக்கு ஒருமுறை வருகிறார், அவருக்குச் சிறுநீர் கழிக்கும்போது எரிச்சல் உண்டா என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். குரலில் ஏளனம் இல்லை, அவசரமும் இல்லை. நான் அழுதுவிட்டேன். யாரோ ஒருவர் அந்தக் கேள்விகளைக் கேட்க வேண்டும் என்று என் உடம்பு அவ்வளவு நாளும் காத்திருந்தது என்றே தோன்றியது. உள் பரிசோதனை செய்து, கருப்பையும் குழாய்களும் தொற்றால் வீங்கியிருப்பதாகச் சொன்னார். காப்பர் டியை எடுத்திருக்கத் தேவையில்லை என்றும், அது உள்ளே இருக்கும்போதே இந்தத் தொற்றுக்கு மருந்து கொடுத்துப் பார்க்கலாம் என்றும், சில நாளில் குணம் தெரியாவிட்டால்தான் எடுப்பதைப் பற்றி யோசிப்போம் என்றும் விளக்கினார்.

சில நாள் ஊசி போட்ட பிறகு, என்னை அதே வளாகத்திலுள்ள சுகவாழ்வு மையத்துக்கு அனுப்பினார்கள். பால்வினை நோய்களுக்கான அந்த மையங்களில் நோய்க்கு ஏற்றபடி நிறம் பிரித்த மருந்துப் பொட்டலங்கள் இலவசமாகத் தருகிறார்கள். அடிவயிற்றுத் தொற்றுக்கு மஞ்சள், பிறப்புறுப்புத் தொற்றால் வரும் வெள்ளைப்படுதலுக்குப் பச்சை, கருப்பை வாய்த் தொற்றுக்கும் ஆண்களின் சிறுநீர்க்குழாய்த் தொற்றுக்கும் சாம்பல் நிறம். எனக்குக் கிடைத்தது மஞ்சள். அதில் இரண்டு வகை மாத்திரைகளை 14 நாள் காலையும் இரவும் சாப்பிட வேண்டும். வாயில் இரும்பைக் கடித்தாற்போன்ற கசப்பும் குமட்டலும் இருக்கும், ஆனாலும் நிறுத்தக் கூடாது. வெறும் வயிற்றில் போடாமல் சாப்பிட்ட பிறகு போட்டால் தாங்க முடிகிறது. கர்ப்பமாக இருக்கக்கூடும் என்று சிறிது ஐயம் இருந்தாலும் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும், ஏனெனில் அந்தப் பொட்டலத்தில் கர்ப்பிணிகளுக்கு ஆகாத மருந்து இருக்கிறது. குணம் கண்டாற்போல இருக்கிறதென்று பாதியில் விட்டவர்கள் திரும்ப வந்து படுப்பதைத் தாம் அடிக்கடி பார்ப்பதாக அங்கிருந்த ஆலோசகர் சொன்னார்.

அவர் சொன்ன இன்னொன்றுதான் எனக்கு மருந்தைவிடக் கசப்பாக இருந்தது. கணவரையும் அழைத்து வந்து அவருக்கும் மருந்து கொடுக்காவிட்டால், அவர் அடுத்த தடவை ஊருக்கு வரும்போது தொற்றும் கூடவே வரும். அவருக்கு எந்தத் தொந்தரவும் இல்லாமல் இருக்கலாம், ஆனாலும் மருந்து எடுக்கத்தான் வேண்டும். இருவரும் முடிக்கும்வரை உறவு கூடாது. போனில் இதை எப்படிச் சொல்வது என்று தெரியாமல் நான் நாள் கணக்கில் தவித்தேன். எனக்குக் கோபமும் இருந்தது. நான் அவருக்காகக் காத்திருந்த இரவுகளெல்லாம் என் முன்னே வந்து நின்றன. கடைசியில் அவர் நேரில் வந்தபோது, "டாக்டர் இரண்டு பேரையும் வரச் சொல்லியிருக்கிறா. மருந்து ஒருத்தர் மட்டும் எடுத்தால் வேலை செய்யாதாம்" என்று மட்டும் சொன்னேன். "எனக்கு ஒன்றுமில்லையே, நான் எதுக்கு?" என்றார். "உங்களுக்கு ஒன்றும் தெரியாமலே இருக்குமாம். பிள்ளைக்காக வாங்கோ" என்றேன். நெடுநேரம் பேசாமல் இருந்துவிட்டு, மறுநாள் வந்தார். ஆலோசகர் அவரைத் தனியாகவும் என்னைத் தனியாகவும் அழைத்துப் பேசினார். எங்கே, எப்போது, யாரிடம் என்ற விசாரணையை அவர் செய்யவில்லை. தொற்று எவ்வளவு நாளாக உள்ளே இருந்தது என்று யாராலும் அறுதியாகச் சொல்ல முடியாது, அதைத் தோண்டுவதைவிட இனிமேல் பரவாமல் பார்ப்பதுதான் தேவை என்றார். எங்களுக்குள் பேச வேண்டியவற்றை நாங்கள் பிறகு பேசினோம். அது சுலபமாக இல்லை, இன்னும் முழுதாக முடியவும் இல்லை. ஆனாலும் நோயைப் பற்றிய பேச்சையும் துரோகத்தைப் பற்றிய பேச்சையும் ஒரே மூச்சில் பேசினால் ஆண்கள் மருத்துவமனைப் படியேற மாட்டார்கள். முதலில் மருந்து, பிறகு வழக்கு என்று தாய்மாருக்கு நான் சொல்வேன். கணவர் அடிப்பவராக இருந்தால் இதை வீட்டில் தனியே பேச வேண்டாம், ஆலோசகர் முன்னிலையில் பேசுங்கள். பெண்களுக்கான 181 என்ற உதவி எண்ணையும் மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

அங்கிருந்து எச்.ஐ.வி.க்கும், சிபிலிஸ் என்ற பால்வினை நோய்க்கும் பரிசோதனை செய்ய நம்பிக்கை மையத்துக்குப் போகச் சொன்னார்கள். எச்.ஐ.வி. என்ற சொல்லைக் கேட்டதும் என் பயம் நோயைப் பற்றி மட்டும் இருக்கவில்லை. முடிவை முகாம் பதிவேட்டில் எழுதிவிடுவார்களோ, எங்களைக் கண்காணிக்கும் கியூ பிரிவுப் போலீசுக்குத் தெரிந்துவிடுமோ, முகாமில் ஆள் சரிபார்க்கும் தணிக்கை நாளில் வரிசையில் நிற்கும்போது எல்லோருக்கும் முன்னால் கேட்பார்களோ என்றெல்லாம் நடுங்கினேன். நம்மில் பலர் பரிசோதனைக்குப் போகாததற்கு இந்த அச்சம்தான் காரணம். அதனால் தெளிவாகச் சொல்கிறேன். 2017 ஆம் ஆண்டின் எச்.ஐ.வி., எய்ட்ஸ் தடுப்பு மற்றும் கட்டுப்பாட்டுச் சட்டம் 2018 செப்டம்பரிலிருந்து நடைமுறையில் இருக்கிறது. உங்கள் சம்மதம் இல்லாமல் பரிசோதிக்கக் கூடாது, முடிவை உங்கள் அனுமதியின்றிப் பிறருக்குச் சொல்லக் கூடாது என்பது அதில் உள்ளது. பரிசோதனைக்கு முன்னும் பின்னும் ஆலோசனை தருவார்கள். எங்கள் இருவருக்கும் தொற்று இல்லை என்றே வந்தது, ஆயினும் கிருமி தொற்றிய முதல் சில வாரங்களில் பரிசோதனையில் தெரியாமல் போகலாம் என்பதால் மூன்று மாதம் கழித்து மறுபடி வரச் சொன்னார்கள். அந்த மூன்று மாதமும் நான் நிம்மதியாக உறங்கவில்லை. மறு முடிவும் நல்லபடியாக வந்த அன்றுதான் பசித்துச் சாப்பிட்டேன். நேரில் போகுமுன் பேசிப் பார்க்க விரும்புவோர் 1097 என்ற கட்டணமில்லா எண்ணை அழைக்கலாம், பெயர் சொல்லத் தேவையில்லை.

மருத்துவமனைக்குப் போகிறவர்கள் காலையிலேயே புறநோயாளிச் சீட்டு எடுத்துவிடுங்கள். சீட்டுக் கொடுக்கும் இடத்தில் எல்லாவற்றையும் விவரிக்கத் தேவையில்லை, மகளிர் நோய்ப் பிரிவு என்றால் போதும். தணிக்கை நாளோடு மோதினால் முன்னதாகவே முகாம் பொறுப்பிலுள்ள வருவாய் ஆய்வாளரிடம் மருத்துவமனைக்குப் போவதாக மட்டும் சொல்லுங்கள், என்ன நோய் என்று சொல்ல வேண்டிய கடமை உங்களுக்கு இல்லை. எங்கள் முகாமில் மருத்துவமனைச் சீட்டைக் காட்டினால் ஏற்றுக்கொள்கிறார்கள். டாக்டரிடம் வயிற்று வலி என்று சுற்றிவளைக்காமல், "வெள்ளைபடுகிறது, நாற்றம் இருக்கிறது, உறவில் வலிக்கிறது" என்ற மூன்றையும் முதல் வாக்கியத்திலேயே சொல்லிவிடுங்கள். எனக்கு ஓராண்டு கடந்துபோனது அந்த வாக்கியத்தைச் சொல்ல இடம் கிடைக்காததால்தான். கூட்டி வந்தவர் மாமியாராக இருந்தாலும் தாயாக இருந்தாலும் வெளியே இருக்கச் சொல்லும்படி நர்ஸிடம் நீங்களே கேட்கலாம்.

குணமாகி வந்த பிறகு நான் முகாமில் ஒவ்வொரு வீட்டிலும் மெதுவாகப் பேச்சுக் கொடுத்துப் பார்த்தேன். குடும்பக் கட்டுப்பாட்டு ஆபரேஷன் செய்துகொண்டவளுக்கு இந்த நோய்கள் வராது என்று பலர் நம்புகிறார்கள். ஆபரேஷன் கர்ப்பத்தைத்தான் தடுக்கும், எச்.ஐ.வி.யையோ சிபிலிஸையோ தடுக்காது. உறவிருக்கும்போதே அவற்றைத் தடுக்க ஆணுறைதான் நமக்கு எளிதான வழி. ஆனால் ஆணுறை என்றால் அது பிள்ளை வேண்டாம் என்பதற்கு மட்டும் என்றும், கட்டிய கணவரிடம் அதைக் கேட்பது அவரை அவமதிப்பது என்றும் நினைக்கிறார்கள். ஒரு தங்கச்சி என்னிடம், "அதைக் கேட்டால் நான் ஆரோடையோ போனவள் எண்டு நினைப்பார், அக்கா" என்றாள். ஆண் வேலைக்குப் போய் ஊர் ஊராய்த் திரிந்து வருகிறான், சந்தேகம் மட்டும் வீட்டிலிருக்கும் பெண்மேல் விழுகிறது. இந்த அநியாயம் எனக்கு இப்போதும் வயிற்றெரிச்சலைத் தருகிறது. கர்ப்ப காலத்தில் எடுக்கும் இரத்தப் பரிசோதனையில் எச்.ஐ.வி.யும் சிபிலிஸும் பார்க்கப்படுகின்றன என்பதும் பலருக்குத் தெரியவில்லை. தாய்மாரில் பெரும்பாலோருக்கு அது ஒருமுறையாவது நடந்திருக்கும், ஆனால் எதற்கு இரத்தம் எடுத்தார்கள் என்று ஒருவரும் விளக்கியிருக்க மாட்டார்கள்.

எனக்கு இன்னொரு பிள்ளை வேண்டும் என்ற ஆசை இருந்தது. வீடு சற்றுப் பெரிதாகட்டும் என்றுதான் தள்ளிப்போட்டோம். குழாய்களில் தழும்பு விழுந்திருக்கக்கூடும், கரு நிற்குமா என்பதை இப்போதே சொல்ல முடியாது என்கிறார் டாக்டர். அதைக் கேட்டு வெளியே வந்து மருத்துவமனை வாசலில் நெடுநேரம் உட்கார்ந்திருந்தேன். அதோடு ஓர் எச்சரிக்கையும் தந்தார். இப்படித் தொற்று வந்து போனவர்களுக்குக் கரு கருப்பையில் தங்காமல் குழாயிலேயே தங்கிவிடும் ஆபத்து மற்றவர்களைவிட அதிகம், குழாய் வெடித்தால் உயிருக்கே மோசம். ஆகவே நாள் தள்ளிப்போனால் உடனே வந்து ஸ்கேன் பார்க்க வேண்டும். முகாமில் பலர் நாள் தள்ளினால் மெடிக்கலில் மாத்திரை வாங்கிக் கலைக்கிறார்கள். குழாயில் தங்கிய கருவுக்கு அந்த மாத்திரை பயன்படாது, வலியும் இரத்தமும் மாத்திரையால் வந்தவை என்று எண்ணிப் படுத்திருக்கும்போதே உயிர் போகலாம். கருக்கலைப்பு 1971 ஆம் ஆண்டுச் சட்டப்படி சில நிபந்தனைகளோடு அனுமதிக்கப்பட்டது, 2021 இல் அது மேலும் விரிவாக்கப்பட்டது. அரசு மருத்துவமனையில் டாக்டர் பார்த்தே செய்வார்கள். 18 வயது நிறைந்த பெண்ணுக்கு அவளுடைய சம்மதம் மட்டும் போதும், கணவரின் கையெழுத்துத் தேவையில்லை. 30 வயது கடந்த பெண்களுக்கு ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே கருப்பை வாய்ப் புற்றுநோய்க்கான சோதனை செய்கிறார்கள். அசிட்டிக் அமிலம் தடவிப் பார்க்கும் அந்தச் சோதனை சில நிமிடங்களில் முடிந்துவிடும், பெரிதாக வலிக்காது. எங்கள் முகாமில் அதற்குப் போனவர்களை விரல்விட்டு எண்ணலாம்.

என் மகளிடம் நான் இப்போது எல்லாவற்றையும் பேசுகிறேன். ஒரே நாளில் உட்காரவைத்துப் பாடம் நடத்தவில்லை. துணி மடிக்கும்போதும் தலை பின்னும்போதும் கொஞ்சம் கொஞ்சமாகச் சொல்கிறேன். உறுப்புகளுக்கு அவற்றின் பெயரைச் சொல்கிறேன். யார் தொட்டாலும், தொடும்படி கேட்டாலும் என்னிடம் சொல்லலாம், நான் அவளை ஏச மாட்டேன் என்று திரும்பத் திரும்பச் சொல்கிறேன். கருப்பை வாய்ப் புற்றுநோய்க்குக் காரணமான எச்.பி.வி. வைரசுக்கு எதிரான தடுப்பூசியை 9 முதல் 14 வயதுக்குள் போடுவது நல்லது என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. அதை எங்கே, எப்படிப் பெறலாம் என்று கிராம சுகாதார செவிலியரிடம் கேட்டிருக்கிறேன். என் மாமியாருக்கு இந்தப் பேச்சுகள் பிடிக்கவில்லை. "சின்னப்பிள்ளைக்கு இதெல்லாம் என்னத்துக்கு?" என்கிறார். நான் மரியாதையோடு கேட்டுக்கொள்கிறேன், ஆனால் பேச்சை நிறுத்தவில்லை.

சென்ற முறை மகளிர் குழுக் கூட்டத்துக்கு அந்தச் செவிலியரையே வரவழைத்தோம். சிலர் முகத்தைச் சுளித்துக்கொண்டு எழுந்து போனார்கள். இருந்தவர்கள் முதலில் பேசவில்லை, துண்டுச் சீட்டில் பெயரில்லாமல் எழுதித் தரலாம் என்றதும் சீட்டுகள் குவிந்தன. அரிப்பு, காப்பர் டி, மூன்று மாதத்துக்கு ஒருமுறை போடும் அந்தரா என்ற கருத்தடை ஊசி, கணவர் வற்புறுத்தினால் மறுக்கலாமா என்பது வரை எல்லாம் அதில் இருந்தன. பாதிக்குமேல் கேள்விகள் கணவன்மாரைப் பற்றியவை, அவர்கள் அங்கே இல்லை. பெயிண்ட் வேலைக்குப் போகும் ஆண்கள் எல்லோரும் ஊரில் இருப்பது பொங்கலை ஒட்டிய ஒரு வாரம்தான். அந்த வாரத்தில் அவர்களிடம் பேச ஆண் ஆலோசகர் ஒருவரை முகாமுக்கு அனுப்பும்படி நம்பிக்கை மையத்தில் எழுதிக் கொடுத்திருக்கிறோம். என் கணவர் வேலைசெய்யும் கூட்டத்து ஆட்களை அழைத்து வருவதாக அவரே சொல்லியிருக்கிறார்.